திமிர் என்று நான் எழுதியது

போன வாரம் செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி. பேட்டை ரோட்டில் ஒரு டீக்கடை.

வேலைக்கு ஆள் நிற்கும் இடம் அது. கொத்தனார், கையாள், சித்தாள் என்று எல்லோரும் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள். லோடு ஆட்டோ வரும். கை காட்டிக் கூப்பிடுவார்கள். ஏறிப் போவார்கள்.

எனக்கு ஒரு காம்பவுண்டுச் சுவர் வேலை. இரண்டு ஆள் வேண்டும். டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ஒரு மேஸ்திரி வந்தார். என்னைவிடச் சின்னவர். ஆட்டோவிலிருந்து இறங்காமலே கையை நீட்டினார்.

"நீ ஏறு. நீ ஏறு. மாரி, நீயும் ஏறு."

வரிசையில் அடுத்து ஒரு பெண். ஏறுவதற்குக் காலைத் தூக்கினாள்.

"நீ எங்கன வாரே தாயி? இரு, இரு. ஒன்னயப் பத்திப் பேப்பர்லயே போட்டாச்சு. ஒனக்குத் தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு அழைக்க எங்கிட்ட வசதி இல்ல."

ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எண்ணே, திமிரு அக்காவுக்கு முன்சீட்டு குடுங்கண்ணே" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

இன்னும் சிரிப்பு.

அந்தப் பெண் ஆட்டோவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். தூக்கிய காலைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான்.

மேஸ்திரி அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி! நல்லா இருக்கியளா? எல்லாம் ஒங்க எழுத்துதான். சிரிச்சுச் சிரிச்சு வயித்துவலி வந்துட்டு, பாத்துக்கிடுங்க. வீட்டுல அவளுக்கும் படிச்சுக் காமிச்சேன்."

ஆட்டோ போய்விட்டது. டீ கையில் இருந்தது. குடிக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் இசக்கியம்மாள். பேப்பரில் அவளைப் பற்றி எழுதியவன் நான். இந்தப் பேப்பரில். இந்தப் பக்கத்தில்.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் கொத்தனார். எட்டாம் வகுப்பு முடிக்கவில்லை. சுவர் விரிசல், மாடி ஒழுகல், பாத்ரூம் ஈரம் — வாசகர்கள் கேட்பார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுவேன். இடம் மிச்சம் இருந்தால் வேலையிடத்தில் நடந்த கதை ஒன்றையும் சேர்ப்பேன்.

விரிசலைவிடக் கதையைத்தான் அதிகம் பேர் படிக்கிறார்கள் என்று ஆசிரியர் சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

ஆறு வாரத்துக்கு முன் நான் எழுதியதை அப்படியே இங்கே தருகிறேன். மறந்தவர்கள் மறுபடி படிக்கட்டும்.

"சுத்தமல்லியிலிருந்து வரும் ஒரு சித்தாள். சும்மாட்டுக்குச் சிவப்புத் துண்டுதான் கட்டுவாள். ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பு. வீட்டுக்காரம்மா ஆசையாகச் சேலை எடுத்து வைத்திருக்கிறார். எல்லாச் சித்தாள்களும் வாங்கிக்கொண்டார்கள். இவள் மட்டும், எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். செங்கல் சுமக்கிற தலைக்கு இவ்வளவு கனம் ஆகுமா? திமிர்... வேறு என்ன சொல்வது?"

நல்லா இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பெயர் போடவில்லை. பெயர் போடாவிட்டால் தப்பில்லை என்று நினைத்தேன். சுத்தமல்லியிலிருந்து சிவப்புத் துண்டோடு வருகிற சித்தாள் எத்தனை பேர்? ஒரே ஒருத்தி. பேட்டை ரோட்டில் நிற்கும் அத்தனை பேருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் தலையில் சிவப்புத் துண்டு இல்லை. பழைய லுங்கியைக் கிழித்துச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள்.

அதைப் பார்த்த பிறகும் நான் அவளிடம் போகவில்லை. எனக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? அவளையே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு என் வேலையும் நடக்கவில்லை.

இனி, நான் எழுதாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

அந்த வீடு நான் கட்டிய வீடு. பதினோரு மாத வேலை. இசக்கியம்மாள் அஸ்திவாரத்திலிருந்து கூட இருந்தாள். ஒரு நாள் மட்டம் போட்டதில்லை. கல் கொண்டு வந்து அடுக்கினால் நான் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுக்கலாம். அப்படி அடுக்குகிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

பால்காய்ப்பு அன்று எங்களையும் அழைத்தார்கள். எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று உண்டு. கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தாம்பாளத்தில் வைத்து வேட்டி துண்டு கொடுப்பார்கள். சித்தாள்களுக்குச் சேலை. எனக்குப் பச்சைக் கரை போட்ட வேட்டி. நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கேசரி கொடுத்தார்கள். மடியில் வேட்டி, கையில் கேசரி.

இசக்கியம்மாளும் இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள். குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். வாசலில் வீட்டுக்காரம்மா நின்றார்.

"சித்தாளுக எல்லாம் பின்னால வாங்கம்மா. துணி துவைக்கிற கல்லு பக்கம் நில்லுங்க, அங்க வந்து தாரேன். இங்கன கோலம் அழிஞ்சிரும்."

நாலு பேர் சுற்றிக்கொண்டு போனார்கள். இசக்கியம்மாள் நின்றாள்.

"கோலத்த மிதிக்காம ஓரமா வாரேம்மா."

"சொன்னாக் கேளு. பின்னால வா."

"ஏம்மா, இந்த வாசல் நிலைய நாலு பேரு தூக்கையில ஒரு பக்கம் எந் தோள்லதான இருந்துச்சு? நாங்க தூக்கி நிறுத்துனப்பறம்தான் இது முன்வாசலு, அது பின்வாசலு. அன்னைக்கு எந்தக் கோலம் அழிஞ்சுச்சு?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதனால்தான் ஹால் முழுக்கக் கேட்டது.

வீட்டுக்காரம்மா கோலத்தைப் பார்த்தார். கோலம் ஒரு சாக்கு. அது அந்த அம்மாவுக்குத் தெரியும். இசக்கிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் வரும்போது அந்தக் கோலத்தின் ஓரத்தை மிதித்துக்கொண்டுதான் வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்குச் சேல வேண்டாம்மா. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முகத்தைத் திருப்பவில்லை. நான் எழுதியது அதிலும் பொய்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"என்ன கொத்தனாரே... ஒங்க ஆளு இப்படிப் பேசிட்டுப் போகுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அவ சொல்லுதது சரிதான சார்' என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

நான் சொன்னேன்: "அவளுக்குத் திமிரு சார். விடுங்க."

அவர் தம்பி பக்கத்து மனையில் வீடு கட்ட இருந்தார். அந்த வேலை எனக்கு வர வேண்டியிருந்தது. வந்தது.

அன்றைக்கு வாயால் சொன்னேன். பத்துப் பேர் கேட்டார்கள். பிறகு பேப்பரில் எழுதினேன். ஊரே கேட்டது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என் எழுத்தில் பிழை நிறைய வரும். பாளையங்கோட்டையில் ஒரு டீச்சர் திருத்தித் தருவார். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் நான் போய்த் தாளைக் கொடுப்பேன். சிவப்பு மையால் சுழித்துக் கொடுப்பார்.

அந்த வாரம் எல்லாம் திருத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி. அவ ஏன் சேலை வேண்டாம்னா? அத எழுதலையே நீங்க?"

"இடம் பத்தாது டீச்சர்."

ஒரு வரி. அதற்கா இடம் பத்தாது? ஒழுகும் மாடிக்கு முக்கால் பக்கம் எழுதியவன் நான்.

விரிசல் இருந்தால் மேலே பூசி மறைக்காதீர்கள், வெட்டிப் பார்த்து அடைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன்? நான் செய்தது வெறும் பூச்சு வேலை. பார்க்க அழகாக இருந்தது.

டீக்கடையிலிருந்து வந்த அன்று சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். பின்வாசலையும் சொன்னேன்.

"திமிர்னா என்ன டீச்சர்? சரியான அர்த்தம் என்ன?" என்று கேட்டேன்.

"செருக்கு, இறுமாப்பு, அகந்தை, ஆணவம், மமதை... எத்தனையோ இருக்கு. எது வேணும் ஒங்களுக்கு? அர்த்தம் இருக்கட்டும். அத நீங்க யார யாரப் பாத்துச் சொல்லியிருக்கிய? மொதல்ல அத யோசிங்க."

யோசித்தேன்.

ஒரு என்ஜினியர். என் மகன் வயது. நான் வணக்கம் சொன்னால் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அவரைப் பற்றி நான் என்ன சொல்வேன்? "சார் பிஸி."

ஒரு வீட்டுக்காரர். கட்டிய சுவரை இரண்டு முறை இடிக்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. "சார் கறார்."

ஒரு வக்கீல். நான் நின்றுகொண்டே இருப்பேன். அவர் உட்காரச் சொன்னதில்லை. "பெரிய இடம்."

பைக் பின்னால் திமிரு என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு டவுன் ரத வீதியில் பயல்கள் சுற்றுகிறார்கள். அது ஸ்டைல்.

திமிர் என்று நான் யாரைச் சொல்லியிருக்கிறேன்? கூலி கூட்டிக் கேட்ட கையாளை. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று சொன்ன பெயின்டரை. எதிர்த்துப் பேசிய மருமகளை. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்காத பெண்ணை. இசக்கியம்மாளை.

ஒருவர்கூட எனக்கு மேலே இருப்பவர் இல்லை.

எங்களிடம் தூக்குக்குண்டு என்று ஒன்று உண்டு. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவோம். எங்கே பிடித்தாலும் கீழே பார்த்துத்தான் தொங்கும். இந்தச் சொல்லும் எனக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது. முப்பது வருசம் தூக்குக்குண்டு பிடித்தவனுக்கு இது தெரியவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. எனக்குத் திமிர் என்று யாராவது தன்னைத்தானே சொல்லிக்கொண்டு கேட்டிருக்கிறீர்களா? ஸ்டிக்கர் ஒட்டுகிற பயல்களை விடுங்கள். மற்றபடி அது எப்போதும் அடுத்தவர் வைக்கிற பெயர்தான்... அப்படித்தான் நினைத்துக்கொண்டு சுத்தமல்லிக்குப் போனேன்.

புதன்கிழமை. காலை பத்து மணி. வேலை இருந்தால் அந்த நேரம் அவள் சாரத்தடியில் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். வீடு பூட்டியிருந்தது. ஆற்றுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஆற்றில் தண்ணீர் குறைவு. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மேல்படியில் துவைத்த துணி காய்ந்தது. நடுவில் அந்தச் சிவப்புத் துண்டு.

என்னைப் பார்த்தாள். துவைப்பதை நிறுத்தவில்லை. பிறகு கண் கீழே இறங்கி என் இடுப்பில் நின்றது.

"அந்த வீட்டு வேட்டியா? தாம்பாளத்துல பாத்தேன். கரை பச்ச."

நான் கவனிக்கவே இல்லை. கொடியில் கிடந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வந்தவன், அதைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தேன்.

"இசக்கி... நான் எழுதுனது தப்பு. மன்னிச்சிரு."

"எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வராது, கொத்தனாரே. பக்கத்து வீட்டுப் பிள்ளதான் படிச்சுச்சு."

பத்து வருசமாக என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குக் கொத்தனார்.

"ரெண்டு தரம் படிக்கச் சொன்னேன். இப்ப வரும், இப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"என்னது?"

"பின்வாசலு. வரவே இல்லயே."

துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். தண்ணீர் என் வேட்டியில் தெறித்தது.

"அந்தம்மா சொன்னது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எத்தன வீடு பாத்திருக்கேன். நீங்க உள்ள ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தியள்லா? அப்பவும் நெனச்சேன், அண்ணாச்சி பாத்தாச்சு, ஒரு ஆளுக்காவது தெரியும்னு. அப்பறம் பாத்தா, பாத்த ஆளே இப்படி எழுதுதாரு."

அடுத்த துணியை எடுத்துக் கல்லில் போட்டாள்.

"அஞ்சு வாரமா நிக்குதேன். அந்த ரோட்டுல வார ஆட்டோ எல்லாத்துக்கும் நான் ஒரு சிரிப்பு. மொத வாரம் சிரிச்சுக்கிட்டே ஏத்திக்கிட்டாவ. அப்பறம் ஏத்தவும் இல்ல. எதுத்துப் பேசுத ஆளு எதுக்குன்னு நெனப்பாவ."

"தப்புதான். தப்புதான் இசக்கி. மன்னிச்சிரு."

"இங்கன வந்து சொல்லுதிய. இங்கன யாரு கேக்கா? ஆத்து மீனா? எங்கன எழுதுனியளோ அங்கன எழுதுங்க."

"எழுதுதேன். ஒனக்குத் திமிரு கெடையாதுன்னு எழுதிருதேன்."

அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்கு? அப்படி எல்லாம் எழுதிராதிய. எனக்குத் திமிரு இருக்கு. அது இல்லாமயா அவ்வளவு பேரு முன்னால சேல வேண்டாம்னுட்டு வந்தேன்? இருக்குன்னே எழுதுங்க. எந்த வாசல்ல வச்சு வந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க. அம்புட்டுதான்."

"அப்படி எழுதுனா வேல குடுப்பாவளா?"

"இப்ப மட்டும் குடுத்துக் கிழிக்காவளாக்கும்?"

சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"பேரு போடாம எழுதட்டுமா?"

"ஏன்? கேலி பண்ண அடையாளம் சொன்னிய. நல்லதுக்குப் பேரு கூடாதா? இசக்கியம்மாள்னு முழுசாப் போடுங்க. சுத்தமல்லி."

படி ஏறினேன். பாதிப் படியில் கூப்பிட்டாள்.

"பேப்பரு வியாழக்கெழமதான வரும்?"

"ஆமா. அடுத்த வியாழன்."

"பிள்ளையப் படிக்கச் சொல்லிக் கேப்பேன். பின்வாசலு வந்துச்சுன்னா மறுநா துண்ட எடுத்துக் கட்டிக்கிட்டுப் போறேன். வரலன்னா இந்த லுங்கித்துணியே போதும்."

அவ்வளவுதான் நடந்தது.

தம்பி வீட்டு வேலை இப்போது அஸ்திவாரத்தில் நிற்கிறது. அண்ணன் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். அந்தக் கதை வந்தபோது போன் போட்டு, நல்லா எழுதியிருக்கிய என்று சொன்னவரும் அவர்தான். இதையும் படிப்பார். படித்த பிறகு அந்த வேலை எனக்கு இருக்குமா, தெரியாது. இல்லை என்றால் இல்லை. பேட்டை ரோட்டில் நானும் போய் நிற்பேன். எனக்கு அது தெரிந்த இடம்தான்.

டீச்சரிடம் இதைக் காட்டினேன். பிழையைத் திருத்தினார். இந்த முறை கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பின்வாசல் என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அது அச்சில் வராது.

பாத்ரூம் சுவர் ஈரம் பற்றிக் கேட்ட வாசகர் மன்னிக்கவும். இந்த வாரம் நிஜமாகவே இடம் பத்தவில்லை.

மேஸ்திரிமார்களுக்கு ஒன்று. இசக்கியம்மாள், சுத்தமல்லி. திமிர் உண்டு. அவள் அடுக்கின கல்லைத் திரும்பிப் பார்க்காமல் எடுக்கலாம். பால்காய்ப்புக்கு அழைத்தால் முன்வாசல் வழியாகத்தான் வருவாள்.

நாளை வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு டீக்கடைப் பக்கம் நிற்பாள். அடையாளம் பழையதுதான் — சிவப்புத் துண்டு.